தங்கம் விலைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி குடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல "நம்ம ஊர்ல ரெண்டே சீசன்தான், வெயில், ரொம்ப வெயில்"னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. சிரிச்சேன், திருச்சிக்காரி சிரிக்காம இருக்க முடியுமா. ஆனா கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆவணியில ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டு மாசமா ஆறு பருவம் வச்சிருந்தவங்க சார் நாம, ஸ்கூல்ல அதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினதோட எல்லாரும் மறந்தாச்சு. அந்த ஆறும் இன்னும் இங்கதான் இருக்கு, மரத்தையும் பூச்சியையும் பாத்தாத்தான் தெரியும், தெர்மாமீட்டர்ல தெரியாது. அதைச் சொல்ல உங்க பேப்பர்ல வாரம் நாலு வரி இடம் கேக்கத்தான் இந்த லெட்டர்.

எங்க தெருவுல புங்கமரம் ஜாஸ்தி. மாசி பங்குனியில இலை பூரா கொட்டிட்டு மொட்டையா நிக்கும், பட்டுப்போச்சு வெட்டிடலாம்னு அப்பவே யாராவது கிளம்பிடுவாங்க, கொஞ்ச நாள்ல பாத்தா வெளிர் பச்சையில தளிர் வந்து வெயில்ல பளபளன்னு மின்னும், அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடியே நிழல் ரெடி. அப்புறம் பூ. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த குட்டிக் குட்டிப் பூ, காலையில ரோடு முழுக்க கொட்டிக் கிடக்கும். சங்கப் புலவர் ஒருத்தர் இதே பூவைப் பாத்துட்டு முருகனுக்கு ஆடுற வெறியாட்டுக் களத்துல நெல்லுப்பொரி சிதறினாப்ல இருக்குன்னு பாடி வச்சிருக்காரு, அவரு பாடினதும் காட்டு மரத்தை இல்ல, வீட்டு வாசல்ல நின்ன மரத்தைத்தான். நாமளோ 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற குறிஞ்சியைப் பாக்க 2018ல வண்டி பிடிச்சு மலை ஏறினோம், தப்பில்ல, நானும் ஆசைப்பட்டவதான், ஆனா வருஷா வருஷம் வாசல்லயே பூக்கிறதை "குப்பை"ன்னு திட்டி பெருக்கித் தள்றோம் பாருங்க அதுதான் எனக்கு ஆறல.

குயில் சமாச்சாரம் அதைவிட வேடிக்கை. பங்குனி பொறந்தா விடியக்காலம் நாலு மணிக்கே ஆரம்பிச்சிடும், தூக்கம் போச்சுன்னு அலுத்துக்கிறவங்களும் ரசிக்கிறவங்களும் சரிபாதி. கூவுறது ஆண் குயில், கறுப்பா செவப்புக் கண்ணோட இருக்கும், பொண்ணு உடம்பு பழுப்பு, மேல வெள்ளைப் புள்ளி, ரெண்டும் வேற வேற பறவைன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். காக்கா கூட்டுல முட்டை போடும்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆனி ஆடி வாக்குல எந்தத் தெருவுலயாவது காக்கா பின்னாடியே ஒரு குயில் குஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு கத்தி கத்தி சோறு கேக்குறதையும், காக்கா கடமையா ஊட்டி விடுறதையும் பாத்திருக்கீங்களா? மொட்டை மாடிக்குப் போய் துணி எடுக்கிற நேரத்துல பாத்துடலாம், டிக்கெட் வேண்டாம். மழைக்காலம் வந்துட்டா குயில் சத்தமே கேக்காது, எங்கயோ போயிடுச்சுன்னு நினைப்போம், பெரும்பாலும் அதே மரத்துல வாயை மூடிக்கிட்டு பழம் தின்னுட்டு இருக்கும்.

ஐப்பசிக்கு தட்டான். தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழைன்னு பாட்டிங்க சொன்னதை நாம பழமொழியோட விட்டுட்டோம். மாலத்தீவுல இருந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு உயிரியலாளர் வருஷா வருஷம் அக்டோபர்ல அங்க தட்டான் கூட்டம் கூட்டமா வந்து இறங்குறதைக் கவனிச்சாரு, நல்ல தண்ணி தேங்காத அந்தத் தீவுல தட்டானுக்கு என்ன வேலைன்னு தோண்டிப் பாத்து, இதுங்க இந்தியாவுல இருந்து காத்தோட சேந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகுதுன்னு 2009ல எழுதினாரு. நம்ம பஸ் ஸ்டாண்டு மேல மஞ்சளா சுத்துதே அந்த வகைதான்! அதே சமயத்துல ஆறுமணிக்குருவியும் வரும், பொன்னுத்தொட்டான்னும் சொல்வாங்க, இமயமலை அடிவாரத்துல இருந்தும் மத்திய இந்தியாவுல இருந்தும் வர்றது, வந்த களைப்புல சில சமயம் வீட்டுக்குள்ளயே விழுந்து கிடக்கும், கலர் கலரா இருக்கிறதைப் பாத்து யாரோ வளர்த்த பறவைன்னு கூண்டுல போட்டுடுவாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க, அட்டைப்பெட்டியில காத்துப் போக ஓட்டை போட்டு, இருட்டா அமைதியா கொஞ்ச நேரம் வச்சிருந்து, தெளிஞ்சதும் மரத்தடியில விட்டுடுங்க, அடிபட்டிருந்தா வனத்துறைக்கு போன் பண்ணுங்க.

மார்கழி கோலத்துல பூசணிப்பூ, போகிக்கு காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும், சித்திரை ஒண்ணாம் தேதி வேப்பம்பூப் பச்சடி, இதெல்லாம் அந்தந்த மாசம் எது பூக்குதோ அதை வச்சு வந்த வழக்கம்தானே. இப்ப மார்க்கெட்ல கட்டா வாங்கிடறதால செடி எங்க நிக்குதுன்னே தெரியல. என் பையனுக்கு ஆவாரம்பூ டீத்தூள் பாக்கெட்ல படமாத்தான் பழக்கம்.

என் கோரிக்கை சின்னதுதான் சார். தினமும் தங்கம் விலை போடுறீங்க, மேட்டூர் நீர்மட்டம் போடுறீங்க, ராசிபலன் போடுறீங்க. வாரத்துக்கு ஒரு தடவை அதுக்குப் பக்கத்துல நாலு வரி, இந்த வாரம் நம்ம மாவட்டத்துல எது பூக்குது, எது காய்க்குது, எந்தப் பறவை வந்திருக்கு. பெரிய செலவு ஒண்ணும் கிடையாது. சீசன்வாட்ச்னு ஒரு அமைப்புல சாதாரண ஜனங்களே ஆளுக்கொரு மரத்தை எடுத்துக்கிட்டு வாரா வாரம் இலை, பூ, காய் இருக்கான்னு குறிச்சு அனுப்புறாங்க, பொங்கல் லீவுல பறவை எண்ணுற பழக்கமும் இங்க வந்தாச்சு, அவங்களைக் கேட்டாலே தகவல் கொட்டும். வாசகர்களும் எழுதுவாங்க. படம் கூட வேண்டாம், பேரு போட்டா போதும், தேடிப் பாத்துக்கிறோம். ஜோக் எழுதுறவருக்கும் நாலு புது விஷயம் கிடைக்கும்!

இடம் ஒதுக்கினா முதல் தகவல் நான் தரேன். ஆகஸ்ட் 24, 25 வாக்குல திருச்சியில சூரியன் நேர் உச்சிக்கு வரும், வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் இப்படி, முதல் தடவை ஏப்ரல் 18 வாக்குலயே முடிஞ்சிடுச்சு. மத்தியானம் 12.15ல இருந்து 12.20க்குள்ள ஒரு டம்ளரையோ ஸ்டம்பையோ வெயில்ல நேரா நிக்க வச்சா நிழல் வெளியவே விழாது. மேகம் இல்லாம இருக்கணும், அவ்வளவுதான். பசங்க ஸ்கூல்ல இருப்பாங்க, டீச்சர்ங்க யாராவது இதைப் படிச்சா கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி.