கபரகொய்யாவுக்கும் ஒரு கதை வேண்டும்

கொழும்பில் சிறுவர் நூல்கள் வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். போன செப்டம்பர் புத்தகக் கண்காட்சியில் தரம் 6 படிக்கும் என் மகளுக்கு ஒரு நாவல் தேடி அலைந்தேன். "எங்கட ஊர் மிருகங்களை எங்களைப் போலப் பிள்ளைகள் காப்பாத்துற கதை" என்று கேட்டிருந்தாள். கையில் அகப்பட்டதெல்லாம் சிங்கராஜாவும் முயலும்தான். இலங்கைக் காட்டில் சிங்கமே இல்லை, கொடியில் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வெள்ளவத்தைக் கால்வாய் ஓடுகிறது. அந்தியில் கபரகொய்யா, அதாவது பெரிய நீர் உடும்பு, ஒன்று கரையேறிக் கிடக்கும். முதலைக்குட்டி என்று நினைத்துப் பையன்கள் கல்லெறிவார்கள். அது செத்த மீனையும் கழிவையும் தின்று கால்வாயைத் துப்புரவாக்குகிறது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? பேர வாவியில் கூழைக்கடா உண்டு. தலவத்துகொடை, பெத்தகான சதுப்புகளில் மீன்பிடிப் பூனை திரிகிறது. இரவில் வந்து வீட்டுத் தோட்டத் தொட்டியில் வளர்க்கும் மீனையும் கவ்விக்கொண்டு போய்விடுமாம்! இதைவிட நல்ல கதாபாத்திரம் எங்கே கிடைக்கும்?

2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக உலகில் முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதே நகரத்தில்தான் சதுப்பை மண் போட்டு நிரப்புகிறார்கள். மழைத்தண்ணீர் தங்க இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை மக்கள் பார்த்தார்கள்.

சரி, எப்படிப்பட்ட நாவல்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் துப்பாக்கிக்காரனைப் பிடித்துக் கட்டிப்போடுகிற கதை வேண்டாம். கால்வாயில் குப்பை கொட்டுகிறவர் அவர்களில் ஒருத்தியின் சொந்த மாமாவாக இருக்கட்டும். அவரிடம் அவள் எப்படி வாய் திறப்பாள்? அங்கேதான் கதை இருக்கிறது. பிள்ளைகள் எழுதும் கடிதத்துக்கு மூன்று மாதம் பதில் வராமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன் 'ஹந்துன் திவியா' என்பான், இவள் 'மீன்பிடிப் பூனை' என்பாள், இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய ஓர் அத்தியாயம் போகட்டும். கடைசிப் பக்கத்தில் 'இயற்கையைக் காப்போம்' மட்டும் வேண்டாம், அதைப் பாடப்புத்தகம் போதிய அளவு சொல்லிவிட்டது.

விற்காது என்பீர்கள். கொஞ்சப் பிரதிகள் போடுங்கள், எங்கள் மாடிக் குடியிருப்பிலேயே பத்துப் பேரிடம் நான் விற்றுத் தருகிறேன். அப்புறம், எழுதுகிறவருக்கு ஆதாரம் தேவையென்றால், மகளிடம் ஒரு கொப்பி இருக்கிறது. கபரகொய்யா வந்த நாள், நேரம், என்ன தின்றது எல்லாம் குறித்து வைத்திருக்கிறாள். கேட்டால் இரவல் தருவாள், திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிற நிபந்தனையோடு.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்