பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டச் சான்றிதழ் சென்ற வாரம் தபாலில் வந்தது. உறையைப் பிரித்த அம்மா, அதை வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்கெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று அப்போதே உட்கார்ந்தேன்.

புழல் தண்டனைச் சிறைக்குள் போனபோது நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். என்னால் ஒரு குடும்பம் கண்ணீர் விட்டது. அதற்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் உள்ளிருந்தே தனித்தேர்வராக எழுதினேன். விண்ணப்பம் நிரப்பியதிலிருந்து கணக்கு சொல்லிக்கொடுத்தது வரை எல்லாம் சிறைப்பள்ளி ஆசிரியர்தான். கைதிகளிடம் இக்னோ கட்டணம் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால், பூக்கட்டிப் பிழைக்கும் அம்மாவிடம் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

2020இல் கொரோனாவால் மனு பார்ப்பது, அதாவது வீட்டார் மனு போட்டு வந்து எங்களைப் பார்ப்பது, நின்றுபோன மாதங்களில் புத்தகத்தைத் தொடவே மனமில்லை. "ஜூனில் இல்லாவிட்டால் டிசம்பரில் எழுது, விட்டுவிடாதே" என்று தினமும் வந்து சொன்ன வார்டர் ஐயாவுக்கு என் வணக்கம்.

எழுத்து வந்த வழி வேறு. அடுத்த பாயில் படுத்திருந்த ஆயுள் தண்டனைப் பெரியவர், மகளுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்வார். எழுதியதைப் படித்துக் காட்டினால், "நான் இப்படிச் சொல்லலையேப்பா" என்பார். 'நலம், நலமறிய ஆவல்' அவருக்குப் பிடிக்காது. மகள் சின்ன வயதில் வேப்பம்பழம் பொறுக்கியதை எழுது என்பார். ஒரே கடிதத்தை நான்கு முறை எழுதியிருக்கிறேன். பின்னாளில் நான் எழுதிய கதைகளில் ஒரு வரி உண்மையாக இருக்கிறதென்றால், அது அவர் திருத்தியது.

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை அமைத்த 'கூண்டுக்குள் வானம்' அரங்கில் புத்தகம் கொடுத்துப் போனவர்களே, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்த ஒரு சிறுகதைத் தொகுப்பில் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள். அந்த இடங்களில் நானும் நின்று நின்று படித்தேன். கூடவே ஒருவர் உட்கார்ந்து படிப்பதுபோல் இருந்தது.

பெரியவரே, இந்த மடலை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் மனு போட்டு வருகிறேன். மகளுக்கு என்ன எழுத வேண்டும் என்று யோசித்து வையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பக்கத்துப் பாய்க்காரன்