எஞ்சின் பின்னால்தான் இருந்தது, அக்கா

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி நம் ஓவியக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். நீங்கள் தூங்கியிருப்பீர்கள் என்று தெரிந்த பிறகுதான் வந்தேன். காலையில் அந்த ஒற்றை வரியைப் பார்த்திருப்பீர்கள். போனில் பேசினால் அழுவேன், இல்லாவிட்டால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். குழுவில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். எல்லார் முன்னாலும் நடந்ததற்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்ல முடியும்.

இன்று அக்டோபர் 1. நாலு வருஷமாக இந்த நாளில் முதல் ஆளாக எனக்கு 'இங்க்டோபர்' தலைப்பு அனுப்புவீர்கள், அக்டோபர் முழுக்க தினம் ஒரு தலைப்புக்கு மையால் ஒரு படம் வரைவதற்கு. ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009இல் இதை ஆரம்பித்தது மையால் வரையும் தன் கையைத் திருத்திக்கொள்ளத்தானாம். நம் குழுவில் அது யாருக்கு எத்தனை ஹார்ட் விழுந்தது என்ற கணக்காகிவிட்டது. சாயங்காலம் நான் தாளை எடுப்பதற்கு முன்னால் போனை எடுக்க ஆரம்பித்தேன். அது பிடிக்கவில்லை.

ஆனால் நான் வெளியே வந்தது அதற்காக இல்லை.

அந்த ஸ்டேஷன் காலை நினைவிருக்கிறதா? மடியில் அட்டை, பக்கத்தில் நீங்கள், எதிரே இருக்கும் தண்டவாளம்கூடத் தெரியாத மூட்டம். வானத்துக்கு வாஷ், அதுதான் தண்ணீரில் கரைத்த நீலப் பூச்சு, போட்டுப் பத்து நிமிஷம் ஆகியும் தாள் பளபளவென்று ஈரமாகவே கிடந்தது. நீங்கள் சூடாக இருந்த டீ டம்ளரைத் தாளுக்கு அடியில் பிடித்தீர்கள். டம்ளர் பட்ட இடம் மட்டும் முதலில் காய்ந்து, நீலம் ஓரத்தில் ஒதுங்கி ஒரு வளையம் நின்றுவிட்டது. வானத்தின் நடுவே! எனக்கு அழுகையே வந்தது. "இருக்கட்டும்டி, இன்னிக்கு டீ குடிச்சதுக்கு சாட்சி" என்றீர்கள்.

அப்போதுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் ரயில் வந்தது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு பிரேக்மேன், பின்னால் ஒவ்வொன்றாகப் பெட்டிகள், எல்லாம் வந்த பிறகு கடைசியில் புகையும் எண்ணெய் வாசனையுமாக எஞ்சின். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த எனக்கு அது புதிது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்தண்டவாளம், எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளித்தான் ஏற்றும் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள். "இணைப்பு அறுந்தாலும் பெட்டி உருளக் கூடாதில்ல? அதான் அது பின்னாடி நிக்குது."

அந்தப் படத்தைத்தான் குழுவில் போட்டேன். அதன்மேல் ஒருவர் சிவப்புக் கோடு இழுத்து, எஞ்சின் முன்னால் இருக்க வேண்டும், அடிப்படையே தவறு என்று எழுதினார். அவர் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். நல்ல ஓவியர், அவரிடம் நானும் கற்றிருக்கிறேன். இன்னும் நாலு பேர் ஆமோதித்தார்கள். நான் பதில் எழுதவில்லை. நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். படித்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தது. ஒரு கைகூப்பு போட்டுவிட்டு, நாளைய தலைப்பு 'குடை' என்று அறிவித்தீர்கள்.

குழு உடையக் கூடாது என்று நினைத்தீர்கள். அட்மினுக்கு ஆயிரம் தலைவலி, தெரியும். ஆனால் அக்கா, ஒரே ஒரு வரி. 'நான் பக்கத்தில்தான் இருந்தேன், எஞ்சின் பின்னால்தான் வந்தது.' அதை எழுத உங்களுக்கு என்ன நஷ்டம்? பிறகு தனிச்செய்தியில் நாம் பேசியதை இங்கே கொண்டுவர மாட்டேன். அது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

நானும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறொரு ஓவியக் குழுவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது ஃபேக்டரியில் கணக்கு முடிக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். அன்றைக்கே சிம்ஸ் பூங்காவில் நம் பெஞ்சில் நீங்கள் தனியாக உட்கார்ந்து வரைவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வேறு பக்கமாகத் திரும்பி நடந்துவிட்டேன். உங்கள் பக்கத்தில் எனக்கான இடத்தில் பை வைத்திருந்தீர்கள். அதற்கு மட்டும் மன்னித்துவிடுங்கள். மற்றதற்குக் கேட்க மாட்டேன்.

இந்தப் புதிய இடத்தில் பதினொரு பேர்தான். அர்பன் ஸ்கெட்சர்ஸ் வழியில் போகிறவர்கள். 2007இல் சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகைக்காரர் ஆரம்பித்த வழி அது. நேரில் போய்ப் பார்த்து வரைய வேண்டும், கண்டதைக் கண்டபடி. இந்தப் பதினொரு பேர் தங்களுக்காக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: கேட்டால்தான் திருத்தம். சில நாள் யாரும் ஒன்றும் போட மாட்டார்கள், யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். சேர்ந்து ஒரு மாதம் கழித்து அதே ரயில் படத்தைப் போட்டேன். கை நடுங்கியது. எஞ்சினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தேனிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "வானத்துல அந்த வட்டம் என்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

உங்களைப் பற்றி எழுதினேன், அக்கா. நீளமாக எழுதினேன்.

உங்கள் ஆறாம் நம்பர் பிரஷ் என்னிடம்தான் இருக்கிறது. முனை இன்னும் கூராகவே நிற்கிறது. அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். மழையில் மண் சரிந்து வண்டி நிற்காவிட்டால், வரும் ஞாயிறு காலை அதே பிளாட்பாரத்தில் இருப்பேன். வந்தால் டீ நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உங்கள்,
தங்கச்சி