படத்துக்குப் பதில் அந்த எண்ணைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வலி மாத்திரை, கஞ்சா என்று இளைஞர்கள் பிடிபடும் செய்தி கோவை, திருப்பூர் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. தரையில் வரிசையாக உட்கார வைத்த படமும் கூடவே வருகிறது, 'போதை ஆசாமிகள்' என்ற தலைப்போடு. திருப்பூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். எனக்குத் தெரிந்து, பழக்கத்தில் இருக்கும் பையன் எவனும் அந்தப் படத்தைப் பார்த்து 'இது நான்தான்' என்று நினைப்பதில்லை.

சமீபத்தில் ஒருவன் கடைக்கு வந்தான். இருபது வயது இருக்கும், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கையில் இருந்த மருந்துச் சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. தேதி மட்டும் வேறு மையில். டேபெண்டடால் என்ற வலி மாத்திரை கேட்டான். "பாட்டிக்கு மூட்டு வலிங்ணா" என்றான். தர முடியாது என்றேன். கடையில் கூட்டம் இல்லை, பேச்சுக் கொடுத்தேன். "நானென்ன குடிச்சுப்போட்டு ரோட்டுல கெடக்கறனுங்களா? ஒன்றரை ஷிப்ட் பாக்கறனுங்ணா. சனிக்கிழமை சம்பளத்தை அப்படியே அம்மாகிட்டக் குடுத்தர்றேன்" என்றான். சம்பள விஷயத்தில் பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அவன் கணக்கில் அடிமை என்றால் வேலைவெட்டிக்குப் போகாதவன்.

இப்படி ஆளாளுக்கு ஒரு கோடு. கஞ்சா இழுக்கிற கல்லூரிப் பையனுக்கு அது மூலிகை; மாத்திரை போடுகிறவன்தான் கெட்டவன். மாத்திரைக்காரன் ஊசிக்காரனைக் கைகாட்டுவான். ஊசிக்காரனோ டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடக்கும் பெரியவரைக் காட்டுவான். சில வீடுகளில் அந்தப் பெரியவர் அப்பாவாகவே இருப்பார். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று சாராயத்தைத் தொடாதவன், வாடை வராத மாத்திரையில் மாட்டிக்கொள்கிறான்.

டேபெண்டடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் மருந்து. பழகிய பின் நிறுத்தினால் உடம்பு வலிக்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கம் வராது. பையன் அதைக் காய்ச்சல் என்று நினைக்கிறான். ஒரு மாத்திரை உள்ளே போனதும் சரியாகிவிடுகிறதா, மருந்துதானே சாப்பிடுகிறோம் என்று மனசும் தேறிவிடுகிறது.

அப்புறம் ஒருநாள் வழக்கு, படம். கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள். பெண் கேட்டுப் போனால் ஊரே சொல்லிவிடும். அதன் பிறகு அவனை மதித்துப் பேச மிச்சமிருப்பது கூடச் சிக்கிய கூட்டாளிகள் மட்டும்தான். அதுவரை தான் யாரென்று வைத்திருந்த நினைப்பெல்லாம் அங்கே முடிந்துபோகிறது.

கஞ்சா போன்றவற்றுக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிதளவு வைத்திருந்ததாகவோ உட்கொண்டதாகவோ வழக்கில் சிக்கியவர் பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு கிடைக்கும். முழுதாக முடிக்காமல் பாதியில் ஓடிவந்தால் விலக்கு ரத்தாகலாம். என் கடைக்கு வரும் பெற்றோர் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீள, கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446. இதுவும் அவர்களுக்குத் தெரியாது.

படம் போடும் இடத்தில் இந்த இரண்டையும் போடுங்கள். அதற்கு மேலே 'போதைக்கு அடிமையா?' என்று கேட்டால் இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். 'மாத்திரை போடாத அன்று உடம்பு வலிக்கிறதா, தூக்கம் வருவதில்லையா?' என்று கேட்டுப் பாருங்கள், மேற்கொண்டு படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
திருப்பூர்.