தொலைபேசியை எடுத்தவருக்கும் சேர்த்து ஒரு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

2024 ஜூலை 12 அன்று அமெரிக்க அதிபர் பைடன் கையெழுத்திட்டார். திபெத்–சீனத் தகராறைப் பேசித் தீர்க்க வலியுறுத்தும் மசோதா சட்டமாகிவிட்டது. அதற்காக மினியாப்பொலிஸிலிருந்து இந்த மடல்.

மசோதாவை முன்னெடுத்த பிரதிநிதிகள் ஜிம் மெக்கவர்ன், மைக்கேல் மெக்கால், செனட்டர்கள் ஜெஃப் மெர்க்லி, டாட் யங் ஆகியோருக்கு நன்றி. கட்சிக்கு இருவர், மற்ற பலவற்றில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள். ஜூன் 12 அன்று பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 391, எதிர்ப்பு 26. இந்தக் காலத்தில் அந்தச் சபை இப்படி ஒன்றுபடுவது அபூர்வம்.

இந்த விவகாரத்தை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுத் திபெத்தியப் பாட்டி. தாய் வயதினரை ‘அமா-லா’ என்று அழைப்பார்கள். என் காதில் அது எப்போதும் ‘ஆமாம்’ என்றே விழும். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொல்வார்: 2002 முதல் 2010 வரை தலாய் லாமாவின் தூதர்கள் சீனாவுடன் ஒன்பது சுற்று பேசினார்கள். கேட்டது தனிநாடு அல்ல, உண்மையான தன்னாட்சி. அதன் பிறகு முறையான பேச்சே இல்லை.

முன்நிபந்தனை இல்லாமல் மீண்டும் பேசுங்கள் என்கிறது புதிய சட்டம். திபெத் என்றால் சீனா ‘திபெத் தன்னாட்சிப் பகுதி’ என்று அழைக்கும் பகுதி மட்டுமல்ல, சிங்ஹாய், கன்சு, சிச்சுவான், யுனான் மாகாணங்களில் உள்ள திபெத்தியப் பகுதிகளும்தான் என்றும் சொல்கிறது. அந்தத் தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே உள்ள அம்தோவில் பிறந்த அமா-லா அதைத்தான் இரண்டு முறை படிக்கச் சொன்னார்: “அப்படியானால் என் ஊரும் உண்டா?”

திபெத்தைச் சீனாவின் பகுதியாக ஏற்கும் அமெரிக்க நிலைப்பாடு மாறவில்லை என்று அதிபர் கையோடு அறிவித்ததையும் அவரிடம் மறைக்கவில்லை. “முதலில் உட்கார்ந்து பேசட்டும்” என்றார்.

கடைசியாக, எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த தம்பிக்கு. மசோதாவை ஆதரிக்கச் சொல்லி நான் முதன்முறை அழைத்தபோது “திபெத்தா, தைவானா?” என்று கேட்டீர்கள். மூன்றாம் முறை, நான் வாய் திறப்பதற்குள் “எஸ். 138தானே?” என்று மசோதாவின் எண்ணையே சொன்னீர்கள். அமா-லா உங்களுக்காக ‘கதா’ என்னும் வெண்பட்டுத் துண்டு ஒன்றை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பொன்னாடை போலத்தான். மேசையில் வைத்துவிடாதீர்கள், ஒருமுறையாவது கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அமா-லாவின் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்