துனீசியாவின் உயிர்த்தகவலியல்: பணியிடங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

துனீசிய அரசின் உயர்கல்வி, அறிவியல் ஆராய்ச்சி அமைச்சகத்துக்கும் சுகாதார அமைச்சகத்துக்கும்,

வணக்கம். உயிர்த்தகவலியலில், அதாவது கணினி கொண்டு மரபணுத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்யும் பணியில் இருக்கும் தமிழன் நான். உங்கள் குடிமகன் அல்லன்; ஆயினும் உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள மண்ணிலிருந்து வந்தவன் என்பதால், அத்தகைய மணங்களில் கூடுதலாகத் தலைகாட்டும் பரம்பரை நோய்களால் உங்கள் மருத்துவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் எனக்கு அந்நியமானதன்று.

சிரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களின் உடலால், வெயிலில் பழுதுபட்ட டி.என்.ஏ.வைச் சரிசெய்ய இயலாது. சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். ஐரோப்பாவில் மிக அரிதான இந்நோய் உங்கள் நாட்டில் பன்மடங்கு மிகுதி. இந்நோயோடு தொடர்புடைய எக்ஸ்.பி.சி. மரபணுவில் இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட பழைய திரிபொன்று (மரபணு மாற்றம்) வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வழிவழியாக வந்திருக்கிறது. ஆனால் உலகின் பெரிய மரபணுத் தரவுத்தளங்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால், ஒரு துனீசியக் குழந்தையிடம் புதிதாகக் காணும் திரிபு நோய்க்குக் காரணமா, அல்லது அம்மக்களிடையே தீங்கின்றிப் பரவியுள்ள ஒன்றா என்பதை அவற்றை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். அதற்கு உள்நாட்டுத் தரவும், அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

நோயாளி வந்து நிற்கும் இடத்திலேயே ஆராய்ச்சி நடப்பதன் பயனைத் துனிஸ் நகரம் முன்பே கண்டிருக்கிறது. மருத்துவமனை வாசலைத் தாண்டி, குளித்து உடைமாற்றிய டைஃபஸ் காய்ச்சல் (டைஃபாய்டு அன்று) நோயாளிகளிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றவில்லை என்பதைக் கவனித்தே, அந்நகரின் பாஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சார்ல் நிக்கோல் 1909இல் பேன்தான் நோய்பரப்பி என்று நிறுவினார். 1928இல் நோபெல் பரிசும் பெற்றார். (அது பிரெஞ்சு ஆட்சிக்காலம் என்பதை நான் மறக்கவில்லை.)

அதே நிறுவனம் எச்3ஏபயோநெட் என்னும் ஆப்பிரிக்க உயிர்த்தகவலியல் வலையமைப்பிலும் பங்கேற்றது. 2012இல் தொடங்கிய அவ்வலையமைப்பு, 2016இல் 10 நாடுகளின் 20 நிறுவனங்களில் 364 பேருக்கு ஒரே நேரத்தில் அடிப்படைப் பாடம் நடத்தியது. விரிவுரை தொலைவிலிருந்து வரும். வகுப்பறையில் உள்ளூர் உதவியாசிரியர் அருகிலிருப்பார். சிக்கனமான, நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் தாங்கியது வெளிநாட்டு நிதி, அந்நிதிக்கோ காலவரையறை உண்டு.

இங்கேதான் என் கோரிக்கை. ஒரு மனிதரின் முழு மரபணுத்தொகையை 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 30 முறை வாசித்தால் மூலத்தரவு மட்டுமே 100 ஜிகாபைட்டை நெருங்கும். அதைச் சேமித்து, நகலெடுத்து, மென்பொருள்களைப் புதுப்பித்து, ஐந்தாண்டு கழித்தும் அதே பகுப்பாய்வை மீண்டும் ஓட்டும்படி வைத்திருப்பவர் ஆய்வுக்கட்டுரையில் முதல் பெயராக வருவதில்லை. முன்பு நான் பணியாற்றிய ஆய்வகமொன்றில் திட்டம் முடிந்ததும் சர்வர் நிர்வாகியின் ஒப்பந்தமும் முடிந்தது. சில மாதங்களில் தரவு வைத்திருந்த வட்டு பழுதாக, அதை மீட்டெடுக்க ஆளில்லாமல் போயிற்று.

ஆகவே சர்வர் நிர்வாகிகள், தரவுக் காப்பாளர்கள், பகுப்பாய்வு நிரலாளர்கள் ஆகியோருக்கு, கட்டுரை எண்ணிக்கையைப் பதவி உயர்வின் அளவுகோலாகக் கொள்ளாத நிரந்தரப் பணிநிலை ஒன்றை வகுத்து, அவர்களது ஊதியத்தைத் திட்ட நிதியிலிருந்து பிரித்து அரசின் வழக்கமான நிதிநிலைக்குள் கொண்டுவருமாறு இரு அமைச்சகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். மரபணுவை வாசிக்கும் புதிய வரிசையாக்கக் கருவி வாங்கும் கோப்பு மேசையில் இருந்தால், இந்தப் பணியிடக் கோப்பில் முதலில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
உயிர்த்தகவலியல் பணியாளர் ஒருவர்