ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஆட்கள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் லத்தீனோ மக்கள், அதாவது மெக்சிகோ மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள், படும் இனவெறிக் கொடுமைகளைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் எழுதியிருந்ததெல்லாம் உண்மைதான், குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் கட்டுரை முழுக்க வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், லத்தீனோக்கள் ஒரு பக்கம் என்றே போகிறது. அந்த இரண்டாவது பக்கத்துக்கு உள்ளேயே யார் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் 14 வருஷமாகக் கலிபோர்னியாவில் ஆக்ஸ்னார்டு என்ற ஊரில் இருக்கிறேன், கிளினிக்குகளில் ரத்தம் எடுக்கும் வேலை. அந்த விட்டுப்போன பக்கத்தைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆக்ஸ்னார்டு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடமேற்கே கடலோரத்தில் இருக்கிறது. சுமார் 2 லட்சம் ஜனத்தொகை, அதில் நாலில் மூன்று பேர் லத்தீனோக்கள். ஊரைச் சுற்றி ஸ்ட்ராபெரித் தோட்டங்கள். விடியற்காலையில் பனி விலகும் முன்பே, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்து பழம் பறிப்பவர்களில் ஏராளமானோர் மெக்சிகோவின் வஹாகா, கெர்ரேரோ மாநிலங்களிலிருந்து வந்த மிஸ்டெக் பழங்குடி மக்கள். ஸ்பானியர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே அந்த மலைகளில் இருப்பவர்கள். தங்களை மழையின் மக்கள் என்றும் தங்கள் மொழியை மழையின் மொழி என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்பானிஷ் அவர்களுக்குத் தாய்மொழி கிடையாது. பல பெண்களுக்கு அது சுத்தமாகத் தெரியவே தெரியாது. ஆனால் அரசாங்கப் படிவத்தில் அவர்களும் லத்தீனோதான், கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த கிளினிக் ஒன்றுக்கு ஒரு நாள் காலையில் ஒரு கர்ப்பிணி வந்தார், முதுகில் சால்வையில் கட்டிய ஒரு கைக்குழந்தை, கூடவே எட்டு வயது மகள். வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணும் மெக்சிகோக் குடும்பம்தான். சாப்பிட்டீர்களா என்று ஸ்பானிஷில் கேட்டார், ‘சி’, அதாவது ஆமாம், என்று பதில் வந்தது. வெறும் வயிற்றில்தானே வந்திருக்கிறீர்கள் என்றார், அதற்கும் ‘சி’. பேர் என்ன என்று கேட்டாலும் ‘சி’ என்றிருப்பார் போல. அந்த ஆமாம் என்பதற்கு ‘எனக்குப் புரியவில்லை, என்னைத் திட்டாதீர்கள்’ என்றுதான் அர்த்தம் என்று எனக்குப் பல மாசம் கழித்துத்தான் தெரிந்தது. வரவேற்புப் பெண் அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார், அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, ‘வஹாகிட்டா, இதுக்கு ஒண்ணும் விளங்காது’ என்றார். அம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் கற்றிருந்த மகளுக்குப் புரிந்தது. அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பையே பார்த்தது. பிறகு நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது, அம்மா காலை நாலு மணிக்கே டார்ட்டியா ரொட்டி சாப்பிட்டுவிட்டார் என்று அந்தக் குழந்தைதான் சொன்னது. அப்படியே ரத்தம் எடுத்திருந்தால் தப்பான ரிசல்ட் வந்து, ஒரு கர்ப்பிணிக்குத் தேவையில்லாத மருந்து போயிருக்கலாம்.

மதியம் அந்த வரவேற்புப் பெண்ணிடம் நான் கேட்டேன். ‘செல்லமாகத்தானே சொன்னேன்’ என்றார். வஹாகிட்டா என்றால் நேர் அர்த்தம் ‘வஹாகாக் குட்டி’, அவ்வளவுதான். இந்தீட்டோ என்று இன்னொன்று, ‘குட்டி இந்தியன்’. அகராதியைப் பார்த்தால் செல்லப் பெயர் மாதிரி இருக்கும். சொல்கிற தொனியில்தான் குள்ளம், கறுப்பு, படிக்காதது, நாகரிகம் தெரியாதது எல்லாம் சேர்ந்து வரும். அந்தப் பெண் கெட்டவர் இல்லை, என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது ரெண்டு நாள் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர். அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. நல்லவர்கள் வாயிலேயே இது இவ்வளவு சுலபமாக வருகிறது.

இதே ஆக்ஸ்னார்டில் 2012-ல் நடந்ததை உங்கள் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிகளில் மிஸ்டெக் குழந்தைகளை இந்த இரண்டு வார்த்தைகளால் கூப்பிட்டுக் கேலி செய்தவர்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இல்லை, மற்ற மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகள். அடி உதை வரை போனது. வீட்டில் தங்கள் மொழியில் பேசவே கூச்சப்பட்டு, அம்மா கூப்பிட்டால் ஸ்பானிஷில் பதில் சொல்லும் பிள்ளைகள் உருவானார்கள். இங்கே மிஸ்டெக் மக்களுக்காக 2001-லிருந்து ஒரு அமைப்பு இருக்கிறது, சுருக்கமாக மைகாப் என்பார்கள். தன்னிடம் வரும் நோயாளிகளோடு பேச முடியாமல் தவித்த ஒரு நர்ஸ் தொடங்கியது அது. அவர்கள் ‘என்னை வஹாகிட்டா என்று கூப்பிடாதே’ என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். அந்த வருஷமே ஆக்ஸ்னார்டு பள்ளி மாவட்டம் அந்த இரண்டு வார்த்தைகளையும் பள்ளிகளில் தடை செய்து தீர்மானம் போட்டது. ஒரு வார்த்தையைத் தடை செய்தால் மனசு மாறிவிடுமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. என் அனுபவத்தில் மனசு மாறியதோ இல்லையோ, அடிபட்ட குழந்தைக்கு ‘இது தப்பு’ என்று ஆசிரியரிடம் போய்ச் சொல்ல ஒரு பிடி கிடைத்தது. அதுவரை ‘சும்மா விளையாட்டுக்குத்தானே’ என்று அனுப்பிவிடுவார்கள்.

பத்து வருஷம் கழித்து, 2022 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர கவுன்சில் ஒலிப்பதிவு வெளியானது. ஒரு வருஷம் முன்பு மூன்று லத்தீனோ கவுன்சிலர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் அறைக்குள் உட்கார்ந்து தொகுதி எல்லைகளைப் பற்றிப் பேசிய பேச்சு அது. கவுன்சில் தலைவராக இருந்த நூரி மார்ட்டினெஸ், அந்த நகரத்தின் கொரியாடவுன் பகுதியில் வசிக்கும் வஹாகா மக்களைக் குள்ளமான கறுப்பு ஆட்கள் என்றும் அசிங்கமானவர்கள் என்றும் சொன்னார். சக கவுன்சிலர் ஒருவர் வளர்க்கும் கறுப்பினக் குழந்தையைக் குட்டிக் குரங்கோடு ஒப்பிட்டார். ஒலிப்பதிவு வெளியே வந்த மூன்றே நாளில் அவர் கவுன்சிலர் பதவியையே ராஜினாமா செய்ய வேண்டியதாகிவிட்டது. ஆனால் எங்கள் ஊர் மிஸ்டெக் பெண்கள் யாரும் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. ‘இதைத்தான் நாங்கள் பஸ்ஸில், கடையில், தோட்டத்து மேஸ்திரி வாயில் தினமும் கேட்கிறோமே, இப்போதுதான் மைக் இருந்திருக்கிறது’ என்றார் என்னிடம் ஒருவர். அந்த வாரக் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் வஹாகா மக்கள் தங்கள் ஊர்த் திருவிழா உடுப்பில், பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போனார்கள். அசிங்கம் என்று சொன்னவர்கள் எதிரில் இருக்கிறதிலேயே அழகான துணியை உடுத்திக்கொண்டு போய் நின்றார்கள் என்பது என் மனசில் அப்படியே இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஸ்பானியர் ஆட்சியிலிருந்து வந்தது. பெற்றோரில் யார் ஸ்பானியர், யார் பழங்குடி, யார் ஆப்பிரிக்க அடிமை என்று பார்த்து ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு பெயர் வைத்து மேலே கீழே அடுக்கினார்கள். 18-ம் நூற்றாண்டில் அதை ஓவியமாகவே வரைந்தார்கள், பெரும்பாலும் 16 படம் ஒரு தொகுப்பு, மேலே வெள்ளை, கீழே போகப் போகக் கறுப்பு. அந்த அடுக்குக்கு அவர்கள் வைத்த பெயர் காஸ்தா. இந்தியாவில் சாதியைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்கிறோமே ‘காஸ்ட்’, அதற்கும் வேர் இதே சொல்தான். ஆட்சி போய் 200 வருஷம் ஆனபிறகும் ‘இனத்தை மேம்படுத்து’ என்ற பழமொழி இன்னும் வீடுகளில் புழங்குகிறது. உன்னைவிட வெளுப்பானவரைக் கல்யாணம் பண்ணிக்கொள் என்று அர்த்தம். என் பக்கத்து வீட்டு அம்மா ஹலிஸ்கோ மாநிலத்துக்காரர், கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று தனியாக இறைச்சி போடாத தமாலே (சோள மாவில் அவிக்கும் பலகாரம்) செய்து தருவார், அவ்வளவு பிரியம். அவருக்குப் பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதலில் சொன்னது ‘வெள்ளையாக வந்திருக்கிறாள், கடவுளுக்கு நன்றி’. மூத்த பேத்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அவள் மாநிறம். இந்தப் பேச்சு நம் வாசகர்களில் யாருக்கும் புதிதாக இருக்காது.

அமெரிக்காவில் கருத்துக் கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் 2021-ல் லத்தீனோக்களிடம் கேட்டபோது, நிறம் கறுப்பாக இருந்தால் முன்னேறுவது கஷ்டம் என்று 62 சதவீதம் பேர் சொன்னார்கள். லத்தீனோ அல்லாதவர்களால் பாகுபாட்டை அனுபவித்ததாக 31 சதவீதம் பேரும், இன்னொரு லத்தீனோவாலேயே அனுபவித்ததாக 27 சதவீதம் பேரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் எவ்வளவு கொஞ்சம் வித்தியாசம் பாருங்கள். கறுத்த நிறமுள்ளவர்களை மட்டும் தனியாக எடுத்தால் சொந்த ஆட்களால் பட்டதாகச் சொல்பவர்கள் 41 சதவீதம். ஆப்பிரிக்க வம்சாவளி லத்தீனோக்களின் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் அவர்கள் சுமார் 60 லட்சம் பெரியவர்கள். ஸ்பானிஷில் பேசினால், ‘எங்கே கற்றுக்கொண்டாய்?’ என்று லத்தீனோக் கடைக்காரரே கேட்கிறார் என்று என்னோடு வேலை பார்த்த, டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த கறுப்பின நர்ஸ் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். மெக்சிகோவிலேயே ஆப்பிரிக்க மெக்சிகோக்காரர்களை அரசியல் சட்டம் பெயர் சொல்லி அங்கீகரித்தது 2019-ல்தான். அடிமை முறையை 1829-ல் ஒழித்த குடியரசுத் தலைவர் விசென்தே கெர்ரேரோ ஆப்பிரிக்க வம்சாவளி, அவர் பெயரில் ஒரு மாநிலமே இருக்கிறது, அப்படியும் இவ்வளவு காலம்.

சரி, என்ன செய்தால் குறையும்? எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி, அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் குழந்தையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. ஆனால் ‘மெக்சிகோ’ என்று பார்த்ததும் ஸ்பானிஷ் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். மிஸ்டெக் மொழி ஊருக்கு ஊர் மாறும், ஒரு மலையின் பேச்சு அடுத்த மலைக்காரருக்கே புரியாமல் போகலாம். அதனால் ‘உங்கள் ஊர் எது?’ என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பல நேரம் மிஸ்டெக்கிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டியிருக்கும். நேரம் ஆகும், பணம் ஆகும், ஆகட்டும். இன்னொன்று, பழங்குடி மொழிகளை ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ‘தியாலெக்தோ’ என்பார்கள், வட்டார வழக்கு என்று. இலக்கணமும் தொனி வேறுபாடும் உள்ள முழு மொழியை வழக்கு என்று சொல்வதே அதை வீட்டுக்குப் பின்னால் தள்ளுகிற வேலை. மருத்துவப் படிவத்தில் ‘மொழி: மிஸ்டெக்’ என்று அச்சில் இருந்தால், அதை எழுதுகிற வரவேற்புப் பெண்ணும் வாய்விட்டு மொழி என்றே சொல்லியாக வேண்டும்.

படிவம் என்றதும் இதையும் சொல்லவேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு இனம் பற்றிய கேள்வியை மாற்றி, இனி லத்தீனோ என்பதையும் மற்ற இனங்களோடு ஒரே வரிசையில் ஒரு கட்டமாகப் போடுவது என்று முடிவெடுத்தது. ஒன்றுக்கு மேல் குறிக்கலாம்தான். ஆனாலும் பலர் லத்தீனோ என்று ஒன்றை மட்டும் குறித்துவிட்டுப் போய்விடுவார்கள், கறுப்பின லத்தீனோக்கள் கணக்கிலேயே காணாமல் போவார்கள் என்று அவர்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. எனக்கும் அந்தப் பயம் நியாயமாகப் படுகிறது. எண்ணிக்கையில் இல்லாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எந்த மேலாளரிடம் போய்க் கேட்பது?

இதில் வெளியிலிருந்து வந்த எனக்கு என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அவர்கள் சண்டையைத் தீர்க்க நான் போகவில்லை, அவர்கள் இயக்கத்தை அவர்களே நடத்துகிறார்கள், மைகாப்பின் ரேடியோவில் மிஸ்டெக்கில் தினமும் நிகழ்ச்சி வருகிறது. ஆனால் என் நாற்காலியில் வந்து கையை நீட்டுகிறவரின் பெயரைச் சரியாகச் சொல்வதும், பக்கத்தில் ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது ‘அப்படிச் சொல்லாதீர்கள்’ என்பதும் என் வேலைதான். அன்றைக்கு நான் அதை உடனே சொல்லவில்லை, மதியம் வரை காத்திருந்தேன், அந்தக் குழந்தை அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லத்தீனோக்கள் பற்றிக் கட்டுரை போடும்போது மிஸ்டெக், சபோடெக், மாயா, ஆப்பிரிக்க மெக்சிகோக்காரர் என்று அவரவர் பெயரையும் தனித்தனியாகப் போடுங்கள். இப்போது நான் இருக்கும் இடத்தில் வரவேற்பு மேஜையில் மொழிகளின் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு பட்டன், அழுத்தினால் அந்த மொழியில் ‘இதுதான் உங்கள் மொழியா?’ என்று ஒரு குரல் கேட்கும். போன செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டி அதை மூன்று தடவை அழுத்திக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆக்ஸ்னார்டு, கலிபோர்னியா